பாறை முகட்டில் ஓட்டம்



விரைவு வேறு, அவசரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவோர் நம்மிடையே பலர். தேர்வுக் கூடத்தில் முதலில் எழுந்து செல்பவனை விரைவானவன் என்கிறோம். அவன் அவசரக்காரனாகவும் இருக்கலாம் என்பதை மதிப்பெண் வந்த பிறகே அறிகிறோம். இந்த வேற்றுமையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. மலைத் தடங்களில் ஓடுவதே அது. அதிலும் கடினமான வகை, இருபுறமும் பள்ளம் சரிந்து கிடக்க, நடுவே சுவர்போல் நீண்டு செல்லும் பாறை முகட்டின்மேல் ஓடுவதாகும். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்தவன் நான். ஆதலால் ஓடுவோரைப் பற்றிக் கூறுமுன், அவர்கள் காலடியில் கிடக்கும் பாறையைப் பற்றிக் கூறாமல் இருக்க என்னால் இயலாது. பொறுமையோடு கேளுங்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி ஸ்கை என்னும் தீவு இருக்கிறது. அத்தீவில் கூலின் என்ற மலைத்தொடர் பிறை வடிவில் வளைந்து கிடக்கின்றது. உயரத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்கூர் அலஸ்டர் 1000 மீட்டரைக்கூட எட்டவில்லை. நம் தொட்டபெட்டா அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் உயரமானது. ஆனால் தொட்டபெட்டாவின் உச்சிக்குப் பேருந்தில் போகலாம். கூலின் முகட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதென்றால் கைகளும் கால்களும் சேர்ந்தே உழைக்க வேண்டும். மலையின் கடுமையை உயரத்தைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

இம்மலை ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் செயலால் பிறந்தது. நிலத்தடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்ல ஆறி, காப்ரோ என்னும் கரும்பாறையாக உறைந்தது. பின்னர் அதன் வெடிப்புகளில் புகுந்த வேறொரு குழம்பு, பசால்ட் என்னும் பாறையாகப் பட்டை பட்டையாக இறுகியது. நெடுங்காலத்துக்குப் பின் பனியாறுகள் வந்தன. அவை மலையின் இருபுறத்தையும் குடைந்து தின்றன. இரண்டு பக்கமும் தின்னப்பட்டபின் நடுவில் எஞ்சி நின்ற மெல்லிய சுவரே இன்றைய முகடு.

இந்த இருவகைப் பாறையின் குணத்தையும் அறிந்தவனே அங்கே ஓட முடியும். காப்ரோ சொரசொரப்பானது. காலணியின் அடிப்பாகத்தை அது பற்றிக்கொள்ளும். விரல் நுனிகளின் தோலையும் உரித்துவிடும். பசால்ட்டோ வழவழப்பானது, மழையில் நனைந்துவிட்டால் பாசி படிந்த குளத்துப் படியைப் போல வழுக்கும். மேலும், பசால்ட் பட்டைகள் காப்ரோவைவிட விரைவில் தேய்வதால், அவை முகட்டைக் குறுக்கே வெட்டும் இடங்களில் ஆழமான பிளவுகள் உண்டாகின்றன. ஆக, எங்கே வழி அறுந்து கிடக்கிறதோ, அங்கேயே கால் வழுக்கும் பாறையும் காத்திருக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. இப்பாறைகளில் காந்தத் தன்மை மிகுந்த பகுதிகள் இருப்பதால், திசைகாட்டியின் முள் சில இடங்களில் பொய் சொல்லும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மூடுபனி முகட்டைப் போர்த்திய வேளையில், கையிலுள்ள கருவியையும் நம்ப முடியாதவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இனி ஒரு கணக்குப் போடுவோம். பென்சில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். அதனோடு 2000 அடி ஏறுவதற்கு மேலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்க என்பது அவ்விதி. நம் அளவையில் தோராயமாக, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணியும் 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணியும் எனக் கொள்ளலாம். கூலின் முகட்டின் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சிகரத்துக்குச் சிகரம் இறங்கி இறங்கி ஏறுவதால், முகட்டின்மேல் மட்டும் ஏறவேண்டிய மொத்த உயரம் ஏறக்குறைய 3000 மீட்டர். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம். ஏற்றத்துக்கு 5 மணி. கூட்டினால் 7 மணி 24 நிமிடம் வருகிறது. இதுவும் சாதாரண மலைவழிக்கு உரிய கணக்கேயாகும். கைகளால் பற்றி ஏறவேண்டிய செங்குத்துப் பாறைகளுக்கும், கயிறு கட்டி இறங்கவேண்டிய பிளவுகளுக்கும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை. இன்றும் பழகிய மலையேறிகள் பலர் இம்முகட்டைக் கடக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, இடையில் பாறை மறைவில் இரவைக் கழிக்கின்றனர்.

இவ்விதியை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம். 1911இல் ஷாட்போல்ட், மக்லாரன் என்ற இருவர் முதன்முதலாக ஒரே நாளில் இம்முகட்டைக் கடந்தனர். தென்கோடியில் உள்ள சிகரத்திலிருந்து வடகோடிச் சிகரம் வரை அவர்களுக்கு ஆன நேரம் ஏறக்குறைய 12 மணி. 1920இல் ஹோவர்ட் சோமர்வெல் என்பவர் துணையின்றித் தனியாக ஏறக்குறைய பத்தரை மணி நேரத்தில் கடந்தார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவரிடம் திரும்பி வருவேன். காலம் செல்லச் செல்ல நேரம் குறைந்துகொண்டே வந்தது. 2007இல் எஸ் ட்ரெசிடர் என்பவர் 3 மணி 17 நிமிடத்தில் கடந்தார். 2013ஆம் ஆண்டு கோடையில் ஃபின்லே வைல்டு என்னும் மருத்துவர் அதை 3 மணி 14 நிமிடமாகக் குறைத்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் மீண்டும் ஓடி, 2 மணி 59 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். மூன்று மணிக்குள் இம்முகட்டைக் கடந்த முதல் மனிதர் அவரே.

நெய்ஸ்மித் விதி கூறும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை! இது எவ்வாறு இயன்றது? கால் வலிமை என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். அது விடையின் ஒரு பகுதி மட்டுமே. உடல் அங்கே என்ன செய்கிறது என்று ஆராய்ந்தால் மற்றப் பகுதி விளங்கும்.

ஏறும்போது தொடைத் தசைகள் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. இங்கே தேர்ந்த ஓட்டக்காரரும் பெரும்பாலும் ஓடுவதில்லை. முன் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, விரைந்து நடக்கிறார். செங்குத்தான சரிவில் ஓடுவதால் மூச்சு வீணாகுமேயன்றிப் பயன் மிகாது என்பது அவருக்குத் தெரியும். இறங்கும்போது கதை வேறு. ஓடி இறங்குகையில் ஒவ்வொரு காலும் தரையில் படும்போது, உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீளவும் வேண்டும். தடை பிடித்தபடியே வண்டியை மேட்டிலிருந்து இறக்குவது போன்ற வேலை இது. தசை இழைகள் நைந்து போவது பெரும்பாலும் இங்கேதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மருந்துவாழ்மலைக்கு மாணவர்களை நான் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். ஏறும்போது பாட்டும் சிரிப்புமாக முந்திக்கொண்டு போன பிள்ளைகள், இறங்கும் பாதி வழியில் முழங்கால் நடுங்கப் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மலை தன் கட்டணத்தை இறக்கத்தில்தான் வாங்குகிறது.

அடுத்தது கண். ஓடுபவர் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று எட்டு வைக்கிறார். கண் கண்டதை மூளை அறிந்து, காலுக்குக் கட்டளை போய்ச் சேர்வதற்குள் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கேனும் கழிந்துவிடும். ஆதலால் கால் வைக்கும் இடத்தை அந்தக் கணத்தில் பார்ப்பது பயனற்றது. கண் இரண்டு எட்டு முன்னதாகவே சென்று, இந்தக் கல் ஆடுமா, அந்தப் பாறை நனைந்திருக்கிறதா என்று தீர்ப்பளித்துவிட வேண்டும். கால் செய்வது அத்தீர்ப்பை நிறைவேற்றும் பணியே. திடலில் நானூறு மீட்டர் ஓடுகிறவனுக்கு முதல் எட்டு எப்படியோ, நூறாவது எட்டும் அப்படியே. முகட்டில் ஓடுகிறவனுக்கோ ஒவ்வோர் எட்டும் ஒரு தனிக் கணக்கு. ஒரு கணக்குத் தவறினாலும் மறுதேர்வு இல்லை. விரைவாகக் கடப்போர் சுமையைக் குறைப்பதற்காகக் கயிறு கொண்டுசெல்வதில்லை. பிறர் கயிற்றால் இறங்கும் பிளவிலும் அவர்கள் கைகளையும் கால்களையுமே நம்பி இறங்குகின்றனர். பிடி நழுவினால் தாங்குவதற்கு ஏதும் இல்லை.

அப்படியானால் அவர்கள் துணிவில் கண்மூடியவர்களா? இல்லை. இம்முகட்டில் நல்ல நேரம் எடுத்தவர்கள் அதனைப் பலமுறை மெதுவாக நடந்து அறிந்தவர்கள். எந்தப் பாறையில் எந்தப் பிடி, எந்தப் பிளவுக்கு எந்தப் பக்கம் வழி என்பதை மனப்பாடப் பாட்டுப்போல் நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள். வானிலை பார்த்து நாள் குறித்துக் காத்திருந்து, பாறை உலர்ந்த பிறகே புறப்படுவார்கள். நாம் காண்பது மூன்று மணி நேரம். அதற்குப் பின்னால் இருப்பது பல ஆண்டு நிதானம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, யோசித்து, வழி தேடும் நேரம் அவர்களுக்கு மிச்சமாகிறது. கூலினில் குறைந்த நேரத்தின் பெரும்பகுதி அவ்வாறு மிச்சமானதே என்பது என் கருத்து.

இந்தத் தீவில் ஓடியவர்களுள் நம் அண்டை நாட்டார் ஒருவரும் உண்டு. 1899இல் சார்லஸ் புரூஸ் என்ற படை அதிகாரி, நேபாளத்தைச் சேர்ந்த கூர்க்கா வீரர் ஹர்கபீர் தாப்பாவை அங்கு அழைத்துச் சென்றார். கூலினுக்கு எதிரே கிளாமெய்க் என்னும் 775 மீட்டர் உயரமுள்ள மலை, உருளும் கற்கள் நிறைந்த சரிவோடு கூம்புபோல் நிற்கிறது. அடிவாரத்து விடுதியிலிருந்து புறப்பட்ட தாப்பா, வெறுங்காலோடு 37 நிமிடத்தில் உச்சியை அடைந்து, 18 நிமிடத்தில் திரும்பி இறங்கினார். ஆக மொத்தம் 55 நிமிடம். அந்நேரத்தை நெடுங்காலம் எவராலும் முறியடிக்க இயலவில்லை. அவர் நினைவாக இன்றும் அம்மலையில் ஓட்டப் பந்தயம் நடைபெறுகிறது. உயர்ந்த காலணி இல்லை, பயிற்சியாளர் இல்லை. பிறந்த நாள் முதல் மலைச்சரிவையே பள்ளிக்கூடமாகக் கொண்டவர் அவர். பாறையைப் படிக்கும் கல்வி அவருடைய பாதத்திலேயே இருந்தது.

இப்போது சோமர்வெல்லிடம் வருவோம். மேற்கூறிய புரூஸின் தலைமையில் 1922இல் எவரெஸ்ட் சிகரத்துக்குச் சென்ற குழுவில், கூலின் முகட்டைத் தனியே கடந்த அந்தச் சோமர்வெல்லும் இருந்தார். அவர் தொழிலால் அறுவை மருத்துவர். அவ்வாண்டு சூன் 7ஆம் நாள், மூன்றாம் முறை முயன்றபோது பனிச்சரிவு விழுந்து, சுமை தூக்கிச் சென்ற ஏழு தொழிலாளர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவரும் இறக்கவில்லை. இந்த நிகழ்ச்சி சோமர்வெல்லின் நெஞ்சை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. 1924இல் மீண்டும் சென்றார். செயற்கை உயிர்வளி இன்றி ஏறக்குறைய 28,000 அடி உயரம் வரை ஏறினார். தொண்டை புண்ணாகி மூச்சுத் திணறியது. சிகரம் கண்ணுக்குத் தெரிந்தது. எனினும் அங்கேயே நின்றுவிட்டார். உடன் வந்த நார்ட்டன் சற்று மேலே சென்று அவரும் திரும்பினார். இறங்கும் வழியில் தொண்டை அடைத்து உயிர் போகும் நிலைக்கு வந்த சோமர்வெல், தம் மார்பைத் தாமே அழுத்தி அடைப்பை வெளியேற்றிப் பிழைத்தார்.

பிழைத்த உயிரை அவர் எங்கே செலவிட்டார் தெரியுமா? நம் நெய்யூரில்! 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், போதிய மருத்துவர் இல்லாத நிலையையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த நல்ல வாய்ப்பை விடுத்து, இங்கேயே பணிபுரியத் தீர்மானித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூர் வட்டாரத்திலும், பின்னர் வேலூரிலும் தொண்டாற்றினார். எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரை நன்றியோடு சொன்ன முதியவர்களை என் இளமையில் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கேனும் அவர் கூலின் முகட்டைப் பத்தரை மணியில் கடந்தவர் என்பது தெரியாது. அது தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. மலையில் அவர் பயின்ற தளராமையும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் அறிவும் அறுவை மேசையின் அருகில் அவர்களுக்குப் பயன்பட்டன, அது போதும்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும்? அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 2021 மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாநிலத்தில், பாறைகள் நிறைந்த மலைவழியில் 100 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 172 பேர் புறப்பட்டனர். நண்பகலில் வானிலை திடீரென மாறியது. ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் வீசின. பலர் மெல்லிய ஆடையே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயம் கொண்டுவர வேண்டிய பொருளாக விதிக்கப்படவில்லை. மலையில் 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும் என்பது நீங்கள் படித்த பாடம். நனைந்த உடலில் காற்றும் வீசினால், உடல் வெப்பம் அதைவிட விரைவாகக் கொள்ளை போகும். அன்று 21 பேர் இறந்தனர். அவர்களுள் நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களும் இருந்தனர். ஆட்டிடையர் ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகையில் ஆறு பேரைச் சேர்த்து, தீ மூட்டி அவர்களைக் காப்பாற்றினார். இறந்தவர்களுக்குக் கால் வலிமை குறைவில்லை. பந்தயத்தை நிறுத்தும் முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை, அதுவே குறை.

இளைஞர்களே, கூலினின் வடகோடிச் சிகரத்தின் பெயர் ஸ்கூர் நன் கில்லியன். இளைஞர்களின் சிகரம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மலை இளைஞர்களை அழைப்பது இயற்கை. போக வேண்டாம் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. போகும் முறையையே சொல்கிறேன். முதலில் உங்கள் ஊரின் அருகிலுள்ள குன்றை ஒருமுறை மெதுவாக நடந்து, அதன் கற்களை அறிந்துகொள்ளுங்கள். காட்டுப் பகுதியானால் வனத்துறையின் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லுங்கள். துணை இன்றிச் செல்லாதீர்கள். தண்ணீர், மேலாடை, ஊதல் ஆகிய மூன்றும் இருக்கட்டும். பாறை நனைந்திருந்தால் அன்றைய ஓட்டத்தை நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏறுவதற்குச் செலவிடும் வலிமையில் பாதியை இறங்குவதற்கென்று மீதி வையுங்கள். திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்பே குறித்துக்கொண்டு, உச்சி அருகில் தெரிந்தாலும் அந்நேரத்தில் திரும்புங்கள். மலை நாளையும் அங்கேயே இருக்கும்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தின் நிலப்படத்தை விரித்து, அருகிலுள்ள குன்றின் தூரத்தையும் உயரத்தையும் சம உயரக் கோடுகளிலிருந்து எடுத்து, நெய்ஸ்மித் விதிப்படி எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். விடுமுறையில் ஆசிரியரோடு அக்குன்றுக்குச் சென்று, கணக்கும் காலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சோதித்துப் பாருங்கள். வேறுபாடு வந்தால், அதன் காரணத்தை எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து உங்கள் மலைக்கல்வி தொடங்கும்.